தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்லலாமா?

எங்கள் நீலகிரியில் நாடுகாணி, தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்புகளில் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. இலங்கையிலேயே தங்கிய மலையக மக்களில் பலர், 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னியில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, பின்னால் போரில் சிக்கினார்கள். போர்க்காலப் பாலியல் கொடுமைக்கு அரசு தர வேண்டிய இழப்பீடு, எங்களுக்குச் சொந்தக்காரர் பிரச்சினை.

நம்பிக்கை: குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் இழப்பீடு.

உண்மை: குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு என்கின்றன ஐ.நா. பொதுச்சபை 2005இல் ஏற்ற நெறிமுறைகள். வன்னியிலுள்ள விசுவமடுவில் 2010இல் நடந்த கூட்டு வன்கொடுமையில், ராணுவத்தினர் நான்கு பேருக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015இல் 25 ஆண்டு சிறை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்துவிட்டது. வழக்கு இப்படி ஏறி இறங்கும்வரை ஒருவருடைய சிகிச்சையையும் பிழைப்பையும் நிறுத்தி வைப்பது கொடுமைக்கு மேல் கொடுமை.

நம்பிக்கை: இது பெண்களுக்கு மட்டும் நேர்ந்தது.

உண்மை: இலங்கையில் தடுப்புக்காவலில் ஆண்களும் பாலியல் சித்திரவதைக்கு ஆளானதை 2015 ஐ.நா. விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வெளியே சொல்ல அவர்களுக்கும் வாய் வருவதில்லை.

நம்பிக்கை: காசு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது.

உண்மை: ஜப்பான் ராணுவத்தால் சீரழிக்கப்பட்ட பெண்களுக்காக 1995இல் ஆசியப் பெண்கள் நிதி தொடங்கப்பட்டது. இழப்பீட்டுப் பணம் பொதுமக்கள் நன்கொடையிலிருந்து வந்தது. கொரியப் பாட்டிமார் பலர் அதைத் தொட மறுத்தார்கள். ஜப்பான் அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. சிகிச்சை, பகிரங்க மன்னிப்பு, இனி நடக்காது என்ற உறுதி எல்லாம் சேர்ந்ததுதான் இழப்பீடு.

நம்பிக்கை: இலங்கையில்தான் சட்டம் வந்துவிட்டதே, மனு கொடுத்தால் போதும்.

உண்மை: இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்க 2018இல் சட்டம் வந்தது. ஆனால் அதன் கொள்கைகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஊர்வாய். கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கித்தான் மனு என்றால், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மகளுக்குப் பார்த்த சம்பந்தம் நின்றுபோகும். கொசோவோவில் போர்க்காலப் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக ரகசியமாக மனு கொடுக்க வழி திறந்தார்கள். தீர்ப்பு நகல் கேட்காமல், 2018இல் மாதம் சுமார் 230 யூரோ கொடுக்கத் தொடங்கினார்கள். வன்னிக்கும் இப்படியொரு வழியைத் திறந்துவிடக் கொழும்புக்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவையில்லை.