எண் பொருந்திய மேகசின்

கேள்வி: பழைய ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கியின் காலி மேகசினுக்குக்கூட சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுக்கிறார்களாமே, ஏன்?

பதில்: எண்தான் காரணம். 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட பி08 ரகத் துப்பாக்கியோடு, எட்டுத் தோட்டா கொள்ளும் மேகசின்கள் இரண்டு தரப்பட்டன. ஒன்று துப்பாக்கிக்குள் இருக்கும். மற்றது தோல் உறையில் தைத்த சிறு பையில். இரண்டின் அடிக்கட்டையிலும் அந்தத் துப்பாக்கியின் எண்ணைப் பொறித்தார்கள். உதிரி மேகசினுக்கு அடையாளமாக ஒரு கூட்டல் குறி.

போர்க்களத்திலும் சரணடைந்தபோதும் எல்லாம் கலந்துபோயின. அதனால் துப்பாக்கியும் இரண்டு மேகசின்களும் ஒரே எண்ணில் பிழைத்திருப்பது அபூர்வம். தங்கள் எண்ணுக்கான துணையைத் தேடி ஆண்டுக்கணக்கில் மாற்று வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வாங்குமுன் அடிக்கட்டையைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அது மரம். பிறகு அலுமினியம் வந்தது, கடைசியில் பிளாஸ்டிக்கும். 1917-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அலுமினிய அடி இருந்தால் அது பிற்பாடு சேர்ந்தது. எண்ணோடு வரும் சிறிய எழுத்தும் பொருந்த வேண்டும். எண்கள் பத்தாயிரத்தை எட்டியதும் அடுத்த எழுத்தோடு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின.

பழைய எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறித்து விற்கும் மோசடியும் நடக்கிறது. மரம் அந்த இடத்தில் மட்டும் பள்ளமாக, நிறம் வெளுத்து இருந்தால் வாங்காதீர்கள். எண் பொருந்தாவிட்டாலும் கைபடாத அசல் மேகசினே மேல். அதன் வரலாறாவது அழியாமல் இருக்கிறது.