கழற்றும் முன் கேளுங்கள்: ஜெனரேட்டர் கார்புரேட்டர் வேலையில் பேர் வாங்க

பங்குனி பிறந்தால் மதுரையில் ஜெனரேட்டர் மெக்கானிக்குக் கை நிறைய வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் சாலை நெடுக மண்டகப்படிக்காரர்கள், மைக் செட்காரர்கள், பந்தல்காரர்கள் என எல்லோரும் மூலையில் கிடந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: "போன வருசம் நல்லா ஓடுச்சு தம்பி. இப்ப இழுத்து இழுத்து கைதான் ஓஞ்சு போச்சு."

2012-ல் சென்னைக்கு வெளியே கரண்ட் இல்லாத நேரமே அதிகமாக இருந்தது. அப்போது கடைக்குக் கடை ஜெனரேட்டர் தினமும் ஓடியது. தேய்மானம்தான் அன்றைய பிரச்சினை. இன்று அதே மெஷின் திருவிழாவுக்குத் திருவிழா, கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் ஓடுகிறது. ஓடாமல் கிடப்பதே இன்றைய பிரச்சினை, அதன் முதல் பலி கார்புரேட்டர். இந்த வேலையைச் சரியாகக் கற்றவருக்கு இந்த ஊரில் பிழைப்புக்குக் குறைவில்லை.

ஏன் அடைக்கிறது?

கார்புரேட்டரின் அடியில் உள்ள பவுலில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தங்கியிருக்கும். வெயிலில் அது ஆவியாகிவிட, மிச்சம் பழுப்பு நிறப் பிசினாகி ஜெட்டின் மயிரிழைத் துளையில் உட்கார்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் மெஷினில் இது சீக்கிரமே நடக்கும். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பவுலைத் திறக்கும்போது வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த ஈரத்தால் அலுமினியம் அரித்த தடம். பழைய மெஷின்களில் ரப்பர் ஓரிங்கும் பெட்ரோல் ஹோஸும் உப்பிப் போவதுண்டு. மேலூர்ப் பக்கம் கல்குவாரி ஓரத்திலிருந்து வரும் மெஷினில் இதோடு தூசியும் சேர்ந்திருக்கும். அங்கே ஏர் பில்டரைப் பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

மெஷின் வந்ததும் கார்புரேட்டரைக் கழற்றுவது பழக்கதோஷம். முதலில் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஓடியது? டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல்? தானாக நின்றதா, நிறுத்தினீர்களா?

பிறகு பாருங்கள். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்திவிடும் சென்சார் பல மெஷின்களில் உண்டு. ஆயில் ஊற்றினாலே ஓடிவிடும். ஆயில் கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டர் ஊசி பிடிக்காமல் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது. பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்து சற்று நேரத்தில் நின்றால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் இறங்காது.

என்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறதா? சோக்கைப் பாதி போடுங்கள். சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: ஜெட் அடைப்பு, அல்லது கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் சிக்கியிருக்கலாம், ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், பவுல் நிரம்பி வழியலாம். இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் கார்புரேட்டர் மேலேயே நின்றால் கழற்றுங்கள்.

கழற்றும் வரிசை

என்ஜின் ஆறட்டும். பெட்ரோல் காக்கை மூடுங்கள், பிளக் கேப்பை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது. பவுலில் உள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

அடுத்து போனில் படம் எடுங்கள். கவர்னர் ராடும் அதை ஒட்டிய மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை என்ஜின்களில் ஏர் பில்டரும் கார்புரேட்டரும் ஒரே ஜோடி ஸ்டட்டில் நிற்கும். 10 எம்எம் நட்டுகளைக் கழற்றி, பில்டரை எடுத்து, ஹோஸை விடுவித்து, கார்புரேட்டரைச் சற்றுத் திருப்பினால் ராடு தானாக வெளிவரும். ஸ்பிரிங்கைப் பிடித்து இழுக்காதீர்கள்; நீண்டுவிட்டால் கவர்னர் கணக்கே மாறிவிடும். பின்னால் உள்ள இன்சுலேட்டரும் கேஸ்கெட்டுகளும் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தன என்று பார்த்து, அதே வரிசையில் துணிமேல் வையுங்கள். கிழிந்த கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது.

ஜெட்டைக் குத்தாதீர்கள்

பவுலைத் திறந்து ப்ளோட் பின்னை உருவினால் ப்ளோட்டும் ஊசியும் கையில் வரும். ப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அதை மாற்ற வேண்டும். ஊசி முனையில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மெயின் ஜெட்டுக்கு அதன் பள்ளத்தில் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதைப் போட்டுத் திருகினால் பித்தளை வாய் சிதைந்துவிடும். பெரும்பாலும் கவனத்தில் தப்புவது பைலட் ஜெட். லோடு இல்லாமல் ஏறி இறங்கும் மெஷினில் குற்றவாளி அநேகமாக அதுதான்.

ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சைக்கிள் பிரேக் ஒயர் இழை, ஊக்கு, குண்டூசி எதையும் துளைக்குள் விடாதீர்கள். பித்தளை மெது, துளை ஒரு நூல் பெரிதானாலும் பெட்ரோல் கூடி, பிளக் கறுத்து, ஒரு மாதத்தில் மெஷின் உங்களிடமே திரும்பி வரும். ஊறவைத்துக் காற்றடியுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் மெல்லிய செப்பு இழை. வேலை முடிந்ததும் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ப்ளோட்டையும் ஊசியையும் மாட்டிய பின், பெட்ரோல் வரும் வழியில் சுத்தமான குழாய் போட்டு ஊதிப் பாருங்கள். நேராகப் பிடித்தால் காற்று போக வேண்டும், கவிழ்த்தால் அடைபட வேண்டும். ஜிஎக்ஸ்160-க்கு ப்ளோட் உயரம் 13.7 எம்எம், மற்ற மாடல்களுக்கு அதனதன் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

லோடு போட்டுக் காட்டுங்கள்

ஸ்டார்ட் ஆனதும் பணம் வாங்கி அனுப்பினால் வேலை பாதியில் நிற்கிறது. இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண போர்ட்டபிள் ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். மல்டிமீட்டரில் பாருங்கள்: லோடு இல்லாதபோது 52 அளவில் நின்று, ஹாலஜன் விளக்கோ ஹீட்டரோ போட்டதும் 50-ஐ ஒட்டி வந்து நிலைக்க வேண்டும். கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி வோல்டேஜை ஏற்றிக் காட்டுவது பித்தலாட்டம். அதில் எரிவது பந்தல்காரரின் ஆம்ப்ளிபயர்.

ஓட்டிப் பார்ப்பதைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஷட்டருக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ஆளைக் கொல்லும். வீட்டுக்கு இணைப்புக் கேட்பவருக்குச் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் என்று சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் இருக்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிரை எடுத்துவிடும்.

தொழிலாக வளர

முறையாகக் கற்க கே.புதூர் அரசு ஐடிஐ போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக் டீசல், மோட்டார் மெக்கானிக் போன்ற பிரிவுகளில் சேரலாம். அங்கே அளவெடுக்கப் பழகுவீர்கள். வேகம் பட்டறையில் வரும். ஜெனரேட்டரோடு நின்றுவிடவும் வேண்டாம். சோழவந்தான், வாடிப்பட்டி வயல்களில் ஓடும் சிறு பெட்ரோல் பம்பு, பவர் வீடர் பலவற்றிலும் இதே குடும்பத்து என்ஜின், இதே கார்புரேட்டர்தான். திருவிழாவும் முகூர்த்தமும் ஓய்ந்த மாதங்களில் அந்த வேலை உங்களுக்குச் சோறு போடும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: வந்த தேதி, குறை, மாற்றிய பார்ட், ஹெர்ட்ஸ். கழற்றிய பழைய பார்ட்டை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். பில்லின் பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: வேலை முடிந்ததும் காக்கை மூடி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். மாசக்கணக்கில் வைப்பதானால் டேங்க்கையும் பவுலையும் வடித்துவிடுங்கள். பெட்ரோலோடு வைப்பதானால் மாதம் ஒருமுறை லோடோடு கால்மணி நேரம் ஓட்டுங்கள்.

இதைச் சொல்லிக் கொடுத்தால் வேலை குறைந்துவிடும் என்று சில பட்டறைகள் அஞ்சுகின்றன. அந்த வாடிக்கையாளர் அடைப்பு எடுக்க வருவது குறையும், உண்மைதான். ஆனால் திருவிழா ராத்திரியில் மெஷின் நிற்காமல் ஓடிய மண்டகப்படிக்காரர் அடுத்த வருசம் தன் தெருவில் உள்ள மற்ற மெஷின்களையும் உங்களிடம் அனுப்புவார். வருச ஒப்பந்தம் பேச வேண்டியது அவரிடம்தான். அதை மாசி மாதமே பேசி முடியுங்கள்.