கோடும் தளமும்

தளம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. வீட்டின் தரையும் தளமே. எத்திசையிலும் முடிவின்றிப் பரந்த, மேடுபள்ளமற்ற பரப்பாகக் கணிதம் கருதுவதும் தளமே. இவ்வுறவு பெயரளவில் நின்றுவிடுவதன்று. கரும்பலகையில் நாம் பயிலும் ஒரு தேற்றத்தைக் கொத்தனார் நாள்தோறும் கையாள்கிறார். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவு நிலைகள்

காகிதத்தில் வரைந்த இரு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும். அன்றேல் இணையாகச் செல்லும். முப்பரிமாண வெளியிலோ மூன்றாவது நிலையும் உண்டு. வகுப்பறைக் கூரையில் கிழக்கு மேற்காகச் செல்லும் விளிம்பையும், தரையில் தெற்கு வடக்காகச் செல்லும் விளிம்பையும் நோக்குக. எவ்வளவு நீட்டினும் அவை சந்திப்பதில்லை, இணையாகவும் இல்லை. இத்தகையவற்றை ஒரு தளம் அமையாக் கோடுகள் என்பர். வெவ்வேறான இரு தளங்களோ இணையாக இருக்கும். இல்லையேல் சுவரும் தரையும் கூடுவதுபோல ஒரு நேர்கோட்டில் கூடும். ஒரு கோடு தளத்திலேயே கிடக்கலாம், தளத்திற்கு இணையாகலாம், ஒரே புள்ளியில் அதனை ஊடுருவலாம். ஊடுருவும் கோடுகளுள் தலையாயது செங்குத்துக் கோடு.

செங்குத்து என்பது யாது?

தளத்தில் ஒரு கோட்டின் அடி வழியே வரையப்படும் எல்லாக் கோடுகளுக்கும் அது செங்குத்தாயின், அதனைத் தளத்திற்குச் செங்குத்து என்கிறோம். அவ்வாறு வரையத்தக்க கோடுகளோ எண்ணிலடங்கா. அனைத்தையும் சோதிப்பது யாருக்கு இயலும்? ஒன்றை மட்டும் சோதிப்பதும் போதாது. தெற்கு வடக்கான கோட்டிற்குச் செங்குத்தாக இருந்துகொண்டே ஒரு தூண் கிழக்கே சாய்ந்திருக்கக்கூடும்.

வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளுக்கு, அவை வெட்டும் புள்ளியில் செங்குத்தானால் போதும் என்பதே விடை. கி.மு. 300 அளவில் யூக்ளிட் இயற்றிய 'மூலங்கள்' என்னும் நூலின் 11ஆம் பகுதியில் இது 4ஆம் தேற்றமாக அமைந்துள்ளது. 13 பகுதிகள் கொண்ட அந்நூலை ஹாரூன் அர்ரஷீத், மஅமூன் ஆகிய கலீஃபாக்களின் காலத்தில் அல்ஹஜ்ஜாஜ் இப்னு மத்தர் அரபியில் இருமுறை பெயர்த்தார். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அடிலார்டு அதனை அரபியிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுசென்றார்.

நிறுவல்

தூணின் அடியை அ எனவும் உச்சியை உ எனவும் கொள்க. தூணைத் தரைக்குக் கீழும் அதே அளவு நீட்டி, அம்முனையை ஊ என்க. தரையில் அ வழியே செல்லும் இரு கோடுகளில் முறையே க, ச என்னும் புள்ளிகளைக் குறிக்க. தூண் அவ்விரு கோடுகளுக்கும் செங்குத்தாதலின், உ, ஊ இரண்டும் க என்னும் புள்ளியிலிருந்து சமதூரத்தில் உள்ளன. ச என்னும் புள்ளியிலிருந்தும் அவ்வாறே. ஆகவே உகச, ஊகச என்னும் முக்கோணங்கள் மூன்று பக்கங்களும் ஒத்துச் சர்வசமமாகின்றன.

இனி, அ வழியே தரையில் வேறு எக்கோட்டை வரையினும், அது கச என்னும் கோட்டுத்துண்டைத் த என்னும் புள்ளியில் வெட்டுமாறு க, ச இரண்டையும் தேர்ந்துகொள்ளலாம். மேற்கூறிய சர்வசமத்தால், த என்னும் புள்ளியிலிருந்தும் உ, ஊ இரண்டும் சமதூரத்தில் அமையும். எனவே தூண் அக்கோட்டிற்கும் செங்குத்தாகும். இரண்டின் சான்று எண்ணிறந்தவற்றிற்கும் சான்றாயிற்று.

ஒரு சொல்லின் மதிப்பு

தேற்றத்தை மனப்பாடம் செய்யும் மாணவர் சிலர் 'வெட்டிக்கொள்ளும்' என்னும் சொல்லை விட்டுவிடுவர். அதனோடு தேற்றமே சாய்ந்துவிடும். தெற்கு வடக்கான கோடு ஒன்றிற்குச் செங்குத்தான திசை, அதற்கு இணையான ஆயிரம் கோடுகளுக்கும் செங்குத்தானதே. அந்த ஆயிரமும் கூறுவது ஒரே சான்று. கிழக்கே சாய்ந்த தூணை அவற்றால் காட்டிக்கொடுக்க இயலாது. வேறு திசையிலிருந்து வரும் ஒரு சான்றே அதனைக் காட்டும்.

கொத்தனார் இச்சொல்லை விடுவதில்லை. தூணின் ஒரு முகத்தில் தூக்குக்குண்டு பிடித்தபின், எதிர்முகத்திற்குச் செல்லாது அடுத்த முகத்திற்குச் செல்கிறார். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பார்த்தபின் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்க்கிறார். தேற்றத்தின் பெயரை அவர் அறியாதிருக்கலாம். அதன் உயிர் எச்சொல்லில் உள்ளது என்பதை அவர் கை அறியும். நாமும் சொல்லுக்குச் சொல் பொருளுணர்ந்து கற்போமாக.