பழுதான துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு அனுப்புவது எப்படி? அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு குழந்தைத் தொட்டிலில் ஆபத்தான குறை தெரிந்தால், விற்றதையெல்லாம் திரும்பப் பெறும்படி அரசு அமைப்பே உத்தரவிட முடியும். துப்பாக்கிக்கு அப்படி உத்தரவிட யாரும் இல்லை. 1972-இல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டபோதே துப்பாக்கிகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆகவே குறையுள்ள துப்பாக்கி சரியாவது பெரும்பாலும் இரண்டு பேர் கையில் இருக்கிறது: தயாரித்த நிறுவனம், வைத்திருக்கும் நீங்கள். வாரன்டி சர்வீஸை நான் உயிர்ப் பாதுகாப்பு விஷயமாகப் பார்ப்பது இதனால்தான்.

(எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தால் ஒழிய, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.)

முதலில் காலி செய்யுங்கள்

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். விசையைத் தொடாமலே வெடித்தது, சேஃப்டி போட்ட பின்பும் வெடித்தது, ஒரு இழுப்புக்கு இரண்டு முறை வெடித்தது என்றால் அந்த நிமிடமே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை சுட்டுப் பார்க்கவே கூடாது.

திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா?

சீரியல் நம்பரை வைத்து நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். அறிவிப்பு இருந்தால் வாரன்டி முடிந்ததா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. 2014-இல் ரெமிங்டன் தன் மாடல் 700 ரைஃபிள்களில் ஒரு வகை விசை அமைப்புக்காக இப்படி அறிவித்தது. 2017-இல் சிக் சாவர், கீழே விழும்போது வெடிக்கக்கூடிய பி320 கைத்துப்பாக்கிகளுக்கு இலவச மேம்பாடு தந்தது. அதைத் திரும்பப் பெறுதல் என்று சொல்லாமல் விருப்ப மேம்பாடு என்றது. ஆகவே இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

பழைய துப்பாக்கிக்கும் இது பொருந்தும். 1953 முதல் 1972 வரை ரூகர் செய்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், ஆறு அறைகளிலும் தோட்டா போட்டால் சுத்தியல் ஒரு தோட்டாவுக்கு நேராகவே நிற்கும். சுத்தியல் தரையில் படும்படி விழுந்தால் வெடித்துவிடும். 1973-இல் வந்த புதிய வடிவம் இதைத் தீர்த்தது. பழையவற்றுக்கும் ரூகர் இலவசமாகப் பாதுகாப்புப் பாகங்களைப் பொருத்தித் தருகிறது. கழற்றிய அசல் பாகங்களையும் கூடவே திருப்பி அனுப்புகிறது. தாத்தா காலத்து ரிவால்வர் கைக்கு வந்திருந்தால் உடனே எழுதிப் போடுங்கள்.

வாரன்டி யாருக்கு, எதற்கு?

1975-இன் மேக்னஸன்-மாஸ் சட்டம் எழுத்து வாரன்டி தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தந்தால் அது முழுமையானதா, வரம்புக்குட்பட்டதா என்று குறிப்பிட வேண்டும் என்கிறது. ரூகர் வாரன்டி அட்டையே தருவதில்லை, ஆனாலும் பழுது பார்க்கிறது. சில நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டும் பொறுப்பேற்கும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களால் வந்த சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கடிதத்தில் எல்லாம் இருக்கிறது

தோட்டா சிக்குவது போன்ற ஆபத்தில்லாத குறையென்றால், முதலில் துப்பாக்கியைச் சுத்தம் செய்து, வேறு மேகசினும் வேறு பிராண்ட் தோட்டாவும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் எழுதுங்கள். “சரியாக வேலை செய்யவில்லை” என்ற வரியை வைத்துப் பழுதுபார்ப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தோட்டா, எந்த மேகசின், எத்தனையாவது சுடுதலில், காலி உறை வெளியே வரவில்லையா அல்லது அடுத்த தோட்டா ஏறவில்லையா என்பதைச் சொல்லுங்கள். படமும் வீடியோவும் இணைக்கலாம். நீங்கள் மாற்றிய விசையோ ஸ்பிரிங்கோ இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் அவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள். நிறுவனத்திடமிருந்து சர்வீஸ் எண் கிடைத்த பிறகே துப்பாக்கியை அனுப்ப வேண்டும்.

அனுப்புவது

தபால் நிலையத்துக்கு நீங்களாகப் போக வேண்டாம். 1927-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்கள் அஞ்சலில் கைத்துப்பாக்கி அனுப்புவதைத் தடுத்தது. கூரியர் நிறுவனங்களும் தனிநபர் கொண்டுவரும் துப்பாக்கிப் பெட்டியைப் பொதுவாக வாங்குவதில்லை. தயாரிப்பாளரிடம் முன்பணம் கட்டிய லேபிள் கேளுங்கள். மறுத்தால், உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்காரர் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிக் கொடுப்பார்.

டார்ச், ரெட் டாட் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கேட்டாலொழிய மேகசின் வேண்டாம். தோட்டா ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கடிதத்தின் நகலைப் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே துப்பாக்கி என்று ஊகிக்கும்படி எதையும் எழுதாதீர்கள். திருட்டுக்கு அதுவே வழிகாட்டும்.

திரும்பி வரும்போது

பழுது நீக்கியதையோ, அதே வகை மாற்றுத் துப்பாக்கியையோ நிறுவனம் மாநிலம் தாண்டியும் நேரே உங்களுக்கே அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. மறுபடி பின்னணிச் சோதனைப் படிவம் வேண்டியதில்லை. உங்கள் மாநிலச் சட்டம் கடுமையாக இருந்தால் கடை வழியாக வரலாம். மாற்றாக வந்ததென்றால் புதிய சீரியல் நம்பரை எழுதி வையுங்கள். பெறும்போது வயது வந்த ஒருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

சர்வீஸ் தாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பாருங்கள். காரணம் எழுதாமல் “பரிசோதிக்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிறகு சுடுதளத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், அடுத்து இரண்டு. அதுவரை மேகசினை நிரப்பாதீர்கள். அதே குறை மறுபடி தெரிந்தால் பழைய சர்வீஸ் எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.