அடைப்பானும் ஒரு துளி இரத்தமும்

மாலையில் நன்றாகத் தீனி தின்ற மாடு விடியற்காலையில் மாண்டு கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசிகிறது. அடைப்பான் நோயோ என நாம் ஐயுறவேண்டிய இடம் இது. அறுத்துப் பார்த்தலும் தோலுரித்தலும் அறவே கூடா. உடலைத் திறந்தால் கிருமிகள் காற்றுப்பட்டு வித்துக்களாக மாறி, மண்ணில் பல்லாண்டுகள் அழியாது கிடக்கும். தோலுரிப்பவரையும் நோய் பற்றும்.

பின் நோயை அறிவது எங்ஙனம்? காதின் இரத்தக் குழாயில் ஊசியால் குத்தி எடுத்த ஒரு துளியே போதும். கால்நடை மருத்துவர் அதனைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி உலர்த்திக்கொள்வார். பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி நுண்பெருக்கியில் நோக்கின், முனை சதுரமான நீலக் கோல்கள் சிறு சங்கிலிகளாகவும், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தோன்றும். இக்கிருமியே நோய்க்குக் காரணம் என்பதை 1876-இல் இராபர்ட் காக் மெய்ப்பித்தார்.

ஆனால், உடல் அழுகத் தொடங்கியபின் இக்கிருமிகள் சிதைந்துபோகும். அழுகற் கிருமிகளே மிகும். அந்நிலையில் எடுத்த துளியில் ‘கிருமி காணப்படவில்லை’ என்று வரும் முடிவைக்கொண்டு நோயில்லை எனத் துணிதல் தவறு. இரண்டாம் நாள் ஆளனுப்பிவிட்டு, மருத்துவரைக் குறைகூறுவதிற் பயனில்லை! மாடு இறந்தது தெரிந்தவுடனேயே கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி போகவேண்டும். அவர் வரும்வரை நாயும் காக்கையும் அண்டாமல் காவல் வைப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. இரத்தம் எடுத்தபின், முடிவுக்குக் காத்திராமல், ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுத் தோலோடு புதைத்துவிடலாம்.