வெண்மையும் புழுங்கலும்

வாடிக்கைக்காரர் கடைக்கு வந்து அரிசியை உள்ளங்கையில் அள்ளியதும் முதலில் பார்ப்பது வெண்மையைத்தான். வெள்ளையாயிருந்தால் உயர்ந்த சரக்கு, பழுப்பாயிருந்தால் மட்டம். வியாபாரிகளாகிய நாமும் அப்படியே விலை சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வெண்மையை நம்பி இம்மண்ணில் எத்தனை உயிர்கள் போயின என்பதைச் சற்று அறிந்துகொள்வோமாக.

1900-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், நமது ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இருதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஆனால் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களை அந்நோய் அநேகமாக அண்டவில்லை. கம்பங்களில் தாமே நெல் குத்தி உண்ட மலாய்க்காரரும் பெரும்பாலும் தப்பினர். நெக்ரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதனைக் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். சீனர் உண்டது இயந்திரத்தில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். ஆயினும் பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்றே அவர் முடிவு கட்டினார். கண்டது சரி, சொன்ன காரணம் தவறு.

டாக்டர் பிளெட்சர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வரிசையாய் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணுக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணுக்குப் புழுங்கலரிசியும் கொடுக்கச் செய்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி. 18 பேர் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் நோய் கண்டது இருவருக்கே. அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இடத்தின் மேல் ஐயம் வரலாகாதென்று பாதியில் வார்டுகளையும் மாற்றிப் பார்த்தார்! பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், குற்றம் நஞ்சில் இல்லை, தீட்டும்போது கழிந்துபோகும் சத்தின் குறைவே என்று 1909-இல் நிலைநாட்டினர். அச்சத்தே ஜீவசத்து 'பி1'. அதனை 1936-இல் செயற்கையாகச் செய்துகாட்டிய வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்த ஊர் நெல்லூர்!

புழுங்கலில் நடப்பது என்ன? இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் தங்கியிருக்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, அது நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. உள்ளேயிருக்கும் மாவு வெந்து இறுகி அதனைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஆலையில் தவிட்டை நீக்கினாலும் கணிசமான பகுதி மிஞ்சுகிறது. பச்சரிசியிலோ தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. வியாபாரிகள் தீட்டிய அரிசியை விரும்பியதற்கும் காரணம் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் காறிப்போகும். தீட்டினால் மூட்டை நெடுநாள் தாங்கும்.

வீட்டுச் சமையலிலும் இழப்பு உண்டு. இச்சத்து நீரில் கரைவதாகையால் பல தண்ணீர் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதேயாகும். நமது நோன்புக் கஞ்சியில் அந்த வீண் இல்லை. வெந்த நீரும் சட்டியிலேயே நிற்கிறது.

புழுங்கலின் வாடையைச் சொல்லிச் சிலர் ஒதுக்குவர். அது பெரும்பாலும் நெல்லைக் குளிர்ந்த நீரில் அளவுக்கு மிஞ்சி ஊறவிட்டதால் வந்த புளிப்பு வாடை. கொள்முதலின்போது மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்கினால் அச்சரக்கு உங்கள் கடைக்கு வராது.