மண்ணுக்குள் எரியும் தீ



கோயிலில் ஹோமம் நடக்கும்போது குருக்கள் என்ன செய்கிறார் என்று கவனிச்சிருக்கீங்களா? தீ மூட்டியதும் குண்டத்தைச் சுற்றித் தண்ணீர் விடுவார். அதற்குப் பரிஷேசனம் என்று பெயர். அக்கினியை வணங்குகிறோம், ஆனால் எல்லை வைத்துத்தான் வணங்குகிறோம். அந்த எல்லை தண்ணீர். இதை மனசில் வெச்சுக்கிட்டு இந்த மாதப் பாடத்துக்கு வாங்க.

கலும்பாங்கில் நமக்கு நிலம் மேடு. பெஸ்தாரி ஜெயா (தாத்தா பாட்டிக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை), தஞ்சோங் காராங் பக்கம் போனால் நிலமே வேறு. அங்கே இருப்பது காம்புட். இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்காமல் தண்ணீரில் ஊறிக் கிடந்து உண்டான மண். ராஜா மூசா வனக் காப்பகம் அங்கேதான் இருக்கு. மரம் இழுக்கவும் விவசாயத்துக்கும் பாரிட் வெட்டினார்கள், தண்ணீர் வடிந்தது. காய்ந்த காம்புட் மண் இல்லை, விறகு. ஒரு சிகரெட் துண்டு போதும். மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே புகைந்துகொண்டே நகரும். பொம்பாக்காரர்கள் நாள்கணக்கில் தண்ணீர் அடித்தாலும் அடி வரைக்கும் இறங்குவது கஷ்டம். நிலத்தடி நீர் திரும்ப ஏறணும். அதுக்கு நல்ல மழை பெய்யணும், இல்லேன்னா பாரிட்டை அடைத்துத் தண்ணீரைத் தேக்கணும்.

2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐபியு, 500-ஐத் தாண்டியிருந்தது. 300-க்கு மேல் போனாலே ஆபத்தான நிலை. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவில் இருந்து வந்தது. நான் அப்போ கைக்குழந்தை. கதவிடுக்கில் ஈரத்துணி செருகி வெச்சதை அம்மா இன்னமும் சொல்வாங்க. பாவம், 2.5 மைக்ரான் துகளுக்கு ஈரத்துணி பெரிய தடை இல்லை. அதை யாராவது அப்போ வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்.

யார் சொல்வது? இங்கேதான் பல்கலைக்கழகம் வருது.

2018 நவம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. பழைய மின்கம்பித் தடத்தில் தொடங்கிய தீ. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பக்கத்து ஊரில்தான் சிக்கோ மாநிலப் பல்கலைக்கழகம். அதன் மாணவர்கள், ஊழியர்கள் பலருக்கே வீடு போச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் வகுப்பை நிறுத்தினார்கள், வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டினார்கள். அதெல்லாம் சரி. எனக்குப் பிடித்தது அடுத்தது. சிவில் பொறியியல் ஆய்வாளர்கள் பாட்டிலோடு போய், எரிந்த பகுதியில் ஓடும் ஓடைத் தண்ணீரைச் சோதித்தார்கள்.

ஊர்க் குழாய்த் தண்ணீரில் இன்னொரு பிரச்சினை. தீயில் குழாய்கள் சேதமாகி அழுத்தம் குறைந்ததும் புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் நஞ்சும் உள்ளே போயின. தண்ணீரில் பென்சீன். பார்த்தால் தெளிவாக இருக்கும். கொதிக்க வைத்தால் ஆவியாகி மூச்சில் ஏறும். இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்து ஆண்ட்ரூ வெல்டன் என்ற பேராசிரியர் வந்து, எதைச் சோதிக்கணும், எப்படிச் சோதிக்கணும் என்று ஊராருக்கு உதவினார்.

அரிசி, போர்வை, சமைத்த சாப்பாடு நம்ம மன்றங்களே கொடுக்கும். வெள்ளம் வந்தால் கோயில் மண்டபத்தில் அடுப்பு மூட்ட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பல்கலைக்கழகம் தர வேண்டியது வேறு: அளந்து பார்த்து, ஊர்க்காரருக்குப் புரியும்படி சொல்வது.

நம்ம நாட்டில் அளப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பகாங் பெக்கான் பக்கத்துக் காம்புட் காட்டில் தீ எங்கே பிடிக்கும் என்று புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடம் போட்டு 2004-லேயே வெளியிட்டார்கள். ராஜா மூசாவில் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் 2008 முதல் பாரிட்டை அடைத்து, தன்னார்வலர்களை வைத்து மஹாங் மரம் நடுகிறார்கள். வானிலைத் துறை தீ அபாய அளவை வெளியிடுது. ஆனால் இது எதுவும் லைன் வீட்டுக்கு வந்து சேரலை. ஆய்வு ஆங்கிலத்தில், அறிவிப்பு மலாய்மொழியில். என் தாத்தா பாரிட் ஓரமாகக் குப்பை கொளுத்துவார். கேட்டால், "கொசு போவும்டா!" என்பார். மண்ணே எரியும் என்று நான் தமிழில் படம் வரைந்து காட்டிய பிறகுதான் நிறுத்தினார். அதுவும் ஒரு வாரம் யோசித்துவிட்டு.

நமக்கு அடுத்த ஊர் தஞ்சோங் மாலிமில் உப்சி இருக்கு, தமிழாசிரியர் ஆகப் படிப்பவர்கள் அங்கேயே இருக்காங்க. பெஸ்தாரி ஜெயாவில் யுனிசெல், காம்புட் நிலத்துக்குப் பக்கத்திலேயே. அங்கே படிக்கும் அண்ணன் அக்கா யாராவது உங்கள் தோட்டத்தில் இருந்தால் அடுத்த வகுப்புக்கு அழைத்து வாங்க.

வீட்டுப்பாடம்: பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் இருப்பவர்கள் ஒரு மூங்கில் குச்சியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, பெரியவர் ஒருவரோடு போய்ப் பாரிட் ஓரமாக நடுங்க. தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கு என்று நாலு வாரம், வாரம் ஒருமுறை எழுதுங்க. கலும்பாங், கெர்லிங் பிள்ளைகள் தினமும் ஐபியு எண்ணைக் குறித்து, வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று பக்கத்தில் எழுதி வாங்க. இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.